கொக்கு கோலைக் கீழே வைத்த பிறகு

என் தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லோருக்கும் அவன் கொக்கு. பில்லியர்ட்ஸ் மேஜைக்கு முன்னால் நீளக் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, மூச்சு விடுகிறானா இல்லையா என்று சந்தேகம் வரும்படி நிற்பான். எதிராளிக்கு அதைப் பார்த்தே பாதி உயிர் போய்விடும் என்று சொல்வார்கள்.

மீசை அரும்பிய வயதில் கோலைப் பிடித்தவன், காதோரம் நரைக்கும் வரை அதை விடவில்லை. படிப்பு போனது. அப்பா சேர்த்துவிட்ட பாத்திரக் கடை வேலையும் போனது. "குச்சியை வச்சுக்கிட்டு பந்தை நோண்டறதெல்லாம் ஒரு பொழப்பாடா" என்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொழப்பிலேயே கல்யாணம் செய்தான், வீடு கட்டினான், வெளிநாடெல்லாம் போய் ஆடிவிட்டு வந்தான்.

அவன் ஆடியது ஒன்பது பந்து ஆட்டம். எண் போட்ட ஒன்பது பந்துகள் மேஜையில் இருக்கும். வெள்ளைப் பந்தைக் கோலால் தட்டி, இருப்பதிலேயே சின்ன எண்ணை முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை மேஜை ஓரத்துப் பைக்குள் விழவைத்தவருக்கு ஆட்டம். சின்னப் பந்தில் பட்டுத் தெறித்து ஒன்பது முதலிலேயே விழுந்தாலும் ஜெயம்தான். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. நான் தையல் கடைக்காரி. அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வழக்கம். சட்டைக் கை ஒரு பந்தில் லேசாக உரசிவிட்டால், யாருமே பார்க்காவிட்டாலும், ஆடுகிறவனே நிமிர்ந்து "ஃபவுல்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார வேண்டும். சொல்லாதவனை மற்ற ஆட்டக்காரர்கள் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். வீட்டில் உடைத்த டம்ளரை ஒளித்துவைக்கிற என் தம்பி, மேஜையில் மட்டும் அரிச்சந்திரன்.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. காபி டம்ளரைப் பிடித்தால் நடுங்காது. கடையில் உட்காரவைத்து ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னேன், ஒரே முயற்சியில் கோர்த்தான். கோலைப் பின்னால் இழுத்து, பந்தைத் தட்டப் போகிற அந்த ஒரு நொடியில் மட்டும் முழங்கை வெட்டி இழுக்கும். டாக்டர்கள் நரம்பைப் பார்த்தார்கள், மூளையைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாத வியாதிக்கு மருந்தும் இல்லை. குழந்தைகூடத் தள்ளிவிடும் பந்துகளை அவன் தவறவிட்டான். ஒரு நாள் கோலை இரண்டாகக் கழற்றி உறையில் போட்டு, பீரோ மேல் வைத்துவிட்டு, "அவ்வளவுதான் அக்கா" என்றான்.

அதன் பிறகு அவன் பார்த்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பு வரும். அப்போது எங்களுக்கு வரவில்லை. ஒரு கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்தான். எப்படி அடிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அங்க அடிங்க, விழும்" என்று சொல்லிக்கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த விளக்கம் அதுதான். இரண்டாவது மாதம் ஆள் வரவில்லை. கோல் விற்கும் கடையில் நின்றான். வாங்க வந்தவரிடம், உங்களிடம் இருக்கிற பழைய கோலே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தான். டிவியில் வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். நல்ல ஆட்டம் நடக்கும்போது பேசினால் பாவம் என்று நினைப்பவன் அவன். மைக் பழுதாகிவிட்டது என்று ஆட்கள் ஓடி வந்து பார்த்தார்களாம். ஒரு வணிக வளாகத் திறப்பு விழாவில் வித்தை காட்டப் போனான். முழங்கை வெட்டியது, பந்து மேஜையை விட்டே பாய்ந்து தரையில் உருண்டது, கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அதுவும் வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவன்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள். தையல் மெஷின் சத்தம் நிற்கும் வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"அவர் வேலைக்குப் போகலேன்னு எனக்கு வருத்தம் இல்ல அண்ணி. எழுந்து குளிக்க மாட்டேங்கிறாரு. ஷேவ் பண்ண மாட்டேங்கிறாரு. எங்க ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஆளுங்களைப் பாத்திருக்கேன். அதான் பயமா இருக்கு."

அவள் சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பில்லியர்ட்ஸ் சங்கத்திலிருந்து நடுவராக வருகிறாயா என்று கேட்டார்கள். கை நடுங்கினால் என்ன, பந்தைத் தட்ட வேண்டியதில்லையே. பந்துகளைச் சட்டத்துக்குள் அடுக்கிவைக்க வேண்டும், வெள்ளைப் பந்து எந்தப் பந்தை முதலில் தொட்டது என்று பார்க்க வேண்டும், தப்பென்றால் தப்பு என்று சொல்ல வேண்டும். பேச்சு குறைவு. அவனுக்கென்றே தைத்த வேலை. நானும் நடுவர்கள் போடுகிற கையில்லாத கறுப்பு மேல்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். வெள்ளைக் கையுறையும் அதுவுமாக அவன் கண்ணாடி முன்னால் நின்றபோது, செத்தவன் பிழைத்து வந்ததுபோல இருந்தது. ஒன்றரை வருஷம் போனது. குளித்தான், ஷேவ் செய்தான், என்னிடம் வம்புக்கு வந்தான். பெரிய போட்டிகளுக்கே அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆட்டக் கூடத்துக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. அந்த வருஷக் கடைசிப் போட்டி எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நடந்தது. அவனே வந்து கூப்பிட்டான், அரையிறுதி என்றான். போனேன். மேஜைக்கு மேல் மட்டும் விளக்கு, மற்ற இடமெல்லாம் இருட்டு. ஒரு பக்கம் சுருட்டை முடியோடு ஒரு இளவட்டம். சுருட்டை என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள். இன்னொரு பக்கம் மீசைக்காரர். என் தம்பியோடு சேர்ந்தே ஆட வந்தவர், அவனைவிட இரண்டு வயது மூத்தவர். இதில் ஜெயித்து இறுதிக்குப் போனால்தான் அடுத்த வருஷத் தொழில்முறைப் பட்டியலில் அவருக்கு இடம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. எல்லோரும் பந்துகளைப் பார்த்தார்கள். பந்தைப் பார்த்து எனக்கு என்ன புரியப்போகிறது? நான் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் தையல் தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. கடைசி ஆட்டத்தில் சுருட்டைக்கு வழியே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சுருட்டை மேஜையைச் சுற்றி வந்தான், நின்றான், யோசித்தான். பிறகு சடாரென்று குனிந்து ஒரு தட்டு. வெள்ளைப் பந்து ஒரு பந்தில் பட்டு, அது இன்னொன்றில் பட்டு, ஒன்பதாம் பந்து மூலைப் பையில் விழுந்தது. கூடமே எழுந்து நின்றது. மீசைக்காரர் நாற்காலியில் இருந்தபடியே கோலைக் கழற்ற ஆரம்பித்தார்.

கூடத்துக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் போனேன். மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

"அந்தச் சுருட்டை ஏன்டா மேஜையை விட்டுட்டு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான்?"

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். என் தோளைப் பிடித்து, எப்போதெல்லாம் பார்த்தான் என்று கேட்டான். திணறும்போதெல்லாம் பார்த்தான், கடைசித் தட்டுக்கு முன்னாலும் பார்த்தான், நீ அப்போது அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றேன்.

விஷயம் இதுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆடினவனுக்கு மேஜையைப் பார்த்ததும் வழி தெரிந்துவிடும். கைதான் நின்றது, கண் ஆடிக்கொண்டே இருந்தது. எந்தப் பந்து, எந்தப் பை என்று அவன் பார்வை தானாகவே போய் நிற்கும். அவனுக்கே அது தெரியாது. ஆட்டம் தெரியாத நடுவருக்கு இந்தத் தப்பு வரவே வராது. சுருட்டை கெட்டிக்காரன், கண்டுபிடித்துவிட்டான்.

தம்பி ஆட்டக் குறிப்பில் கையெழுத்துப் போடவில்லை. நேரே போட்டி நிர்வாகியிடம் போய், ஃபவுல் என்னுடையது என்றான். நிர்வாகி சிரித்துவிட்டார். நடுவர் எங்கே பார்க்க வேண்டும் என்று விதியே கிடையாது, பேசாமல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போ என்றார். சுருட்டையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் மறைக்கவில்லை. "அவர் மூஞ்சியைப் பாத்தா விடை தெரியுது. கண்ணை மூடிக்கிட்டா சார் ஆட முடியும்?" என்றான். அதிலும் நியாயம் இருந்தது.

நான் தம்பியை ஓரமாக இழுத்துப் போனேன். வாயை மூடிக்கொள், இந்த வேலையும் போனால் என்ன ஆவாய் என்று கெஞ்சினேன். அவன் மனைவி என் கடையில் வந்து நின்ற அந்த நாள்தான் எனக்குக் கண்ணுக்குள் நின்றது. அவனுக்கும் அது தெரியும்.

"தெரியும் அக்கா. ஆனா அந்த மனுஷன் என்கிட்ட தோத்திருக்காரு. நான் ஆடவே இல்லையே."

கடைசிவரை அவன் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் வேறு நடுவரை வைத்து அந்த ஆட்டத்தைத் திரும்ப நடத்தினார்கள். சுருட்டை யார் முகத்தையும் பார்க்காமலே மீசைக்காரரை வாரிச் சுருட்டினான். முந்தின நாள் இழுபறி என்றால், அன்றைக்கு ஆட்டமே இல்லை. தம்பியை இனிமேல் எந்தப் போட்டிக்கும் கூப்பிடுவதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. இவன் ஏற்கெனவே நடுவராக நின்ற போட்டிகளை என்ன செய்வது என்ற தலைவலியை இழுத்துவிட்டான் அல்லவா. எனக்கு வந்த கோபத்தில் மெஷின் ஊசி உடைந்தது. மீசைக்காரர் ஜெயித்துத் தொலைத்திருந்தாலாவது என் தம்பி வேலையை விட்டதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

இந்த முறை அவன் படுத்துவிடவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரு வாரம் என் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தான். பிறகு, பில்லியர்ட்ஸ் மேஜைகளைக் கழற்றி மாட்டும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். மேஜை மேல் இருக்கிற பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது பலகை இல்லை, கல் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மேஜைக்கு மூன்று கல். தூக்கி வைத்து, மட்டம் பார்த்து, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். மாலையில் திரும்பும்போது விரலெல்லாம் சிராய்ப்பு. நன்றாகச் சாப்பிட்டான். அடித்துப்போட்டது போலத் தூங்குகிறார் என்று அவன் மனைவி சொன்னாள்.

சில மாதம் கழித்து ஒரு பிற்பகல், மீசைக்காரர் என் கடைக்கு வந்து நின்றார். மீசை சரியாக வெட்டப்படவில்லை, சட்டை கசங்கியிருந்தது. தம்பி இருக்கிறானா என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறான், வருவான் என்று ஸ்டூலைப் போட்டேன். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"உங்க தம்பி பேசாம இருந்திருந்தா நான் ஒரு தடவை தோத்ததோட போயிருக்கும். எல்லார் முன்னாடியும் என்னை ரெண்டு தடவை தோக்க வச்சுட்டாரு" என்றார்.

கத்தரிக்கோலை மேஜையில் வைத்தேன். வாயில் வந்ததைக் கொட்டியிருப்பேன். அதற்குள் அவரே தொடர்ந்தார், குரலை இறக்கி. முதல் தோல்வியோடு விட்டிருந்தால் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பாராம். அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சின்னச் சின்ன கூடங்களில் போய் நின்றிருப்பாராம். இரண்டாவது முறை தோற்றபோதுதான் தன் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவருக்கே புரிந்தது. புரிந்தது சரி, அதற்கப்புறம் என்ன செய்வது என்று மட்டும் புரியவில்லை. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் இல்லை என்றார்.

"அவர் எப்படிங்க சமாளிச்சாரு? அதைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அவன் சமாளித்த லட்சணம் எனக்குத்தானே தெரியும். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி வேனை விட்டு இறங்கி வந்தான். உடம்பெல்லாம் கல் தூசி. மீசைக்காரரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். இவர் எழுந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, யாரும் பேசுகிற வழியாக இல்லை. சரியான ஜோடி. கடைசியில் நான்தான், இவர் வேலை தேடுகிறார் என்று உடைத்துச் சொன்னேன்.

தம்பி கையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

"கோலைத் தவிர வேற எதையாவது தூக்கியிருக்கீங்களா?"

"இல்ல."

"நானும் தூக்கினதில்ல. காலைல ஏழு மணிக்கு வாங்க. பெரிய மேஜை ஒண்ணு இருக்கு, கல்லுக்கு அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்ல."

மீசைக்காரர் தலையாட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.