வயிற்றுக்குள் பத்து மணி முப்பத்திரண்டு நிமிடம்

போன வருடம் என் வயிறு அரைத் தட்டுச் சோற்றோடு கதவைச் சாத்திக்கொண்டது. நான்கு வாய் சாப்பிட்டாலே கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்ததுபோல் இருக்கும். குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. நல்ல செய்திதான், ஆனால் வீட்டில் பிரச்சினை அப்போதுதான் ஆரம்பித்தது. வயிற்றில் குறை இல்லையென்றால் சோற்றில்தான் குறை என்று நான் நினைப்பதாக என் மனைவி பார்வதி முடிவு செய்துவிட்டாள். நாற்பத்தாறு வருடம் சமைத்த கை. அன்றிலிருந்து தட்டை வைப்பாள், அதற்குமேல் பேசமாட்டாள்.

ஆகவே போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சென்சார் வைத்த காப்ஸ்யூல் ஒன்றை விழுங்கச் சுங்கைப்பட்டாணி மருத்துவமனைக்குப் போனேன். இந்தச் சோதனைக்குப் போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு விரலால் தட்டுவதால் மெதுவாகத்தான் போகும். அந்தக் காப்ஸ்யூலும் அப்படித்தான் போனது.

எங்கள் ஊர் பாடாங் மேஹாவிலிருந்து காலை 7.15க்குப் புறப்பட்டேன். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், வாடகைக் காருக்கு முப்பது வெள்ளி. முந்தின இரவு முதல் பட்டினி. ஓட்டுநர் நம்ம ஆள்.

"என்னா அங்கிள், ஆஸ்பத்திரில யாரப் பாக்க?"

"மாத்திர முழுங்கப் போறேன் தம்பி."

"அதுக்கு இவ்ளோ தூரமா? பாடாங் சிராயில மருந்துக்கட இல்லியா?"

"இது உள்ள போயி சேதி அனுப்பும்."

அடுத்த சிவப்பு விளக்கில் அவர் கண்ணாடி வழியாக என் வயிற்றைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்பறம் அதத் திருப்பிக் குடுக்கணுமா?"

"வேணாமாம். இடுப்புல கட்டுற மிஷின மட்டும் குடுத்தா போதும்."

"நல்லதுலா. குடுத்தாலும் யாரு கை நீட்டி வாங்குவா."

மருத்துவமனையில் தேவி என்ற தாதி எல்லாவற்றையும் விளக்கினார். முதலில் ஒரு தின்பண்டக் கட்டி தருவார்கள். மரத்தூளை வெல்லத்தில் பிசைந்ததுபோல் இருக்கும், முழுதும் தின்ன வேண்டும். பிறகு காப்ஸ்யூல். பெரிய வைட்டமின் மாத்திரை அளவு. 9.20க்கு அரை கிளாஸ் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருக்கிற அமிலம், அழுத்தம், சூடு மூன்றையும் அது அளந்து இடுப்பில் இருக்கும் கருவிக்கு அனுப்பும். கருவி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்டால், தூங்கினால், கழிப்பறைக்குப் போனால் அதிலுள்ள பொத்தானை அழுத்தி, நேரத்தை நோட்டில் எழுத வேண்டும்.

நோட்டு என்றதும் எனக்குப் பசியே மறந்துவிட்டது. "தமிழ்ல எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க அங்கிள். டாக்டருக்கு நான் படிச்சுச் சொல்றேன்."

டாக்டர்களின் எழுத்தைத்தான் யாராலும் படிக்க முடிவதில்லை. என் எழுத்தை ஒரு டாக்டர் கேட்கப்போகிறார் என்றால் சும்மாவா? வீடு சேர்வதற்குள் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

மாலை 6.05க்குக் கருவியைக் கழற்றிக் குளியலறைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுக் குளித்தேன். 6.25க்கு வெளியே வந்தால் ஆணி மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுப் பொருள் வந்தாலும், ஐஸ்பெட்டியோ கைப்பேசியோ, முதலில் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட வேண்டும். கருவி கூடத்துச் சாமி அலமாரியில், விளக்குப் பக்கத்தில் மங்களகரமாக இருந்தது. பொட்டு சரியாகப் பொத்தானின் மேல்.

"பார்வதி, அது ஆஸ்பத்திரி சாமான்."

"வயித்தப் பாக்க வந்த சாமான்தானே. மொதல்ல சாமிகிட்ட சொல்லிட்டுப் பாக்கட்டும்."

"இடுப்புல இருக்கணும்."

"வெளக்கு எரியுது. இப்ப எடுக்கக் கூடாது."

வேறு வழியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றை அலமாரிக்குக் காட்டியபடி உட்கார்ந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு சரோஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணனுக்கு எப்பலேருந்து இவ்ளோ பக்தி?"

"பக்தி இல்லம்மா, ரேஞ்சு."

அவள் போனபின் பார்வதி கீரைக்கட்டோடு தரையில் உட்கார்ந்தாள். கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உப்பு கூடிப்போச்சா?"

"எதுல?"

"இந்த ஒரு வருசமா. எல்லாத்துலயும்."

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உள்ள எடம் இல்ல."

"அத மிஷினு சொல்லட்டும்."

7.40க்கு விளக்கு மலையேறியது. கருவி இடுப்புக்கு வந்தது.

மறுநாள் வீட்டில் ஓய்வு. ஞாயிறு காலை மகளின் காரில் திகாம் பத்துவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனோம். வழக்கம்போல நடமாடலாம் என்று சொல்லியிருந்தார்கள். 10.40க்குக் காப்ஸ்யூல் அங்கேயே விடைபெற்றது. வெளியே வந்ததும் அதன் சூடு குறையும், கருவி அதைக் குறித்துக்கொள்ளும். தம்பி வீட்டுக்குக் கிடைத்த இந்தப் பெருமையை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

புதன்கிழமை கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பார்வதியும் காரில் ஏறிக்கொண்டாள். தீர்ப்பு நாள் அல்லவா.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு நிமிடத்துக்குள் பொத்தான் இரண்டு தடவை அழுந்தியிருக்கிறதே, வயிற்றுப்போக்கா என்று கேட்டார். தேவி என் நோட்டைப் புரட்டிப் படித்தார்: "6.25. கருவி சாமி அலமாரியில். பொத்தானில் சந்தனம் ஒருமுறை, குங்குமம் ஒருமுறை. நான் எங்கும் போகவில்லை." அதை அவர் மலாயில் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்வதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் விஷயத்துக்கு வந்தார். நல்ல வயிறு என்றால் ஐந்து மணி நேரத்துக்குள் காப்ஸ்யூலைக் குடலுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். என் வயிறு பத்து மணி முப்பத்திரண்டு நிமிடம் வைத்திருந்தது. இரவு 7.52க்குத்தான் விட்டது.

"சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி," என்றார் தேவி. "அங்கிள் வயிறுதான் ரொம்ப மெதுவா வேல செய்யுது."

"இன்னொரு தடவ சொல்லும்மா."

தேவி சொன்னார். பார்வதி என் பக்கம் திரும்பினாள். "எழுதிக்குங்க."

எழுதினேன். காலை 10.50, சாப்பாட்டில் குறை இல்லை.

"வெளக்கு எத்தன மணிக்கு மலையேறுச்சு?"

"7.40."

"பன்னெண்டு நிமிசத்துல கெளம்பியிருக்கு பாருங்க."

டாக்டர் மருந்து எழுதினார். சிறிது சிறிதாக ஆறு வேளை சாப்பிட வேண்டும், எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் நன்றாகக் குறைக்க வேண்டும் என்றார்.

"அத எழுதிக்க வேணாம்," என்றாள் பார்வதி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்த மருந்தை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காப்ஸ்யூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. கட்டணத்தை முன்னாலேயே விசாரியுங்கள். என் மகள் கட்டிவிட்டு எனக்குச் சொல்ல மறுக்கிறாள். நோட்டில் உண்மையை எழுதுங்கள். கருவிக்குப் பொட்டு வைப்பதானால் பின்பக்கம் வையுங்கள்.

இப்போது ஆறு வேளையும் பார்வதி எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்க்கிறாள், பேசிக்கொண்டே. சோதனை முடிந்தாலும் நான் நோட்டை நிறுத்தவில்லை. நேற்று நான்காவது தட்டு முழுதும் காலியானது. மாலை 4.15. எழுதி வைத்திருக்கிறேன்.