ஒண்டு கொம்மா அஞ்சு

டார்ம்ஸ்டாட்டின் லூயிசன்பிளாட்ஸில் வரிசையாக நிற்கும் தொலைபேசிக் கூண்டுகளில் ஒன்றின் வாசலில்தான் தேவமலரை முதன்முதலாகப் பார்த்தேன். 1997, இலையுதிர்காலம். ஊரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்பா உரக்கடைக்கு வந்து காத்திருப்பார். அவர் காதில் விழவேண்டுமே என்று நான் போட்ட சத்தம் கண்ணாடியைத் தாண்டி வெளியே நின்றவர்களுக்கும் விழுந்திருக்கிறது. கதவைத் திறந்ததும், கடைப்பைகளோடு நின்ற அந்த அக்கா கேட்டார்: "தம்பி இந்தியாவோ? பட்டம் பட்டம் எண்டு கத்தினீங்கள். நூலில விடுற பட்டமோ, படிச்ச பட்டமோ?"

படித்த பட்டம்தான், இயந்திரப் பொறியியல் என்றேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான்தான் என்பதை அவர் கேட்காமலே சேர்த்துக்கொண்டேன்.

"அப்ப உங்களுக்குப் பொயிலர் தெரியும். எங்கட வீட்டுப் பொயிலர் செய்த வேலையை ஒருநாள் வந்து கேளுங்கோ."

போனேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் கணவர் குறுக்கே விழுந்து திருத்தத் திருத்த, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கேட்டது இது.

1994 ஜனவரி. தேவமலரும் செல்வராசாவும் அகதிகள் விடுதியை விட்டு வெளியேறித் தங்களுக்கென்று ஒரு வீடு எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை, குசினி என்று அவர்கள் சொல்லும் ஒரு சமையலறை. குசினிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே இருக்கிற ரேடியேட்டருக்கு அனுப்பும். ஆறிய தண்ணீர் சுற்றி மறுபடி அதற்கே வரும். அதுதான் பொயிலர். அது ஓடுகிறவரை அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அவர்களுடைய மகன் யூட்சன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். தேவமலருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏற, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். தாய் தினமும் போய் விரலை நீட்டுவாள், பிள்ளை பிடித்துக்கொள்வான். கிறிஸ்துமஸும் புதுவருஷமும் அப்படியே போயின. பிறகு பெட்டியை விட்டு வெளியே எடுத்தார்கள். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளப் பிள்ளை பழகினான். அந்த வியாழக்கிழமை காலை டாக்டர் சொன்னார்: "நாளைக்குக் கூட்டிப் போகலாம்."

ஆனால் ஒரு நிபந்தனை. நாளை காலை ஒரு பேறுகாலத் தாதி வீட்டுக்கு வந்து பார்ப்பாள். அறை கதகதவென்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை அங்கேயே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

"பிறகு" என்ற அந்தச் சொல் தேவமலரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. விடுதியில் இருந்த காலத்தில் கேட்ட கதைகள் அப்படி. வீடு சரியில்லை என்று எழுதிவிட்டால் பிள்ளையை வேறு ஆட்களிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லாத ஆளில்லை. யாருடைய பிள்ளையை அப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனால் பயம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். வெளியே இருந்த குளிர்தான் உள்ளேயும் இருந்தது. ரேடியேட்டரில் கையை வைத்தாள். கல். அடுத்த அறைக்கு ஓடினாள். அதுவும் கல். குசினியில் பொயிலர் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னக் கண்ணாடிக்குள் எரிகிற நீலச் சுவாலையைக் காணோம்.

செல்வராசா ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் பாத்திரம் கழுவுகிற வேலையில் இருந்தான். அங்கே போன் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போயிருந்தார். பொயிலரின் பக்கவாட்டில், பழுது பார்க்கிற கடை ஒன்று தன் எண்ணை ஒட்டிவைத்திருந்தது. தேவமலர் அந்த எண்ணைச் சுழற்றினாள். ஜெர்மன் மொழி அவளுக்கு ஆஸ்பத்திரியில் பழகின அளவுதான் தெரியும்.

மறுமுனையில் ஒரு ஆண் குரல். வீடு குளிர், பொயிலர் வேலை செய்யவில்லை என்று சொல்லிமுடித்தாள். செவ்வாய்க்கிழமைதான் டேர்மீன், அதாவது ஆள் வரக் குறித்துக் கொடுக்கிற நேரம், அதற்குமுன் ஆள் இல்லை என்றான். நாளைக்குப் பிள்ளை வருகிறது என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "ட்றுக் எப்படி இருக்கு?"

ட்றுக் என்றால் அழுத்தம். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்காகக் கையில் பட்டி கட்டிக் காற்றடித்து எல்லாரும் அவளிடம் கேட்டது அதைத்தான். முன்பின் தெரியாத மனிதன் இப்படி அக்கறையாகக் கேட்கிறானே என்று அவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"நன்றி, இப்ப நல்லது. நூற்றியிருபது."

அவன் மிகவும் மெதுவாக, உங்களுக்கு இல்லை, பொயிலருக்கு என்றான்.

பெட்டியின் அடியில் மணிக்கூடு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும், முள் எங்கே நிற்கிறது என்று கேட்டான். பார்த்துவிட்டு வந்தாள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றாள். அப்படியென்றால் உள்ளே தண்ணீர் போதாது, அதனால்தான் அது பற்றமாட்டேன் என்கிறது, கீழே ஒரு ரப்பர் குழாயும் திருகுகிற குமிழும் இருக்கும், மெதுவாகத் திறந்து நிரப்பு என்றான். எதுவரை என்று கேட்டாள். "ஐன்ஸ் கொம்மா ஃபுன்ஃப்" என்றான். ஐன்ஸ் ஒன்று, ஃபுன்ஃப் ஐந்து. அதற்குள் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட, போனை வைத்துவிட்டான்.

தேவமலர் கேட்டதை அப்படியே நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினாள்: 1,5. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனியாகக் கைவைக்கப் பயமாக இருந்தது. எரிவாயு ஆயிற்றே. அடுத்த தெருவில் இருந்த கொறற்றி அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பிறசர் இறங்கிப்போச்சுது. உடன வாங்கோ."

கொறற்றி மன்னார்க்காரி. அலுவலகங்கள் துடைக்கிற வேலை. மேல்மூச்சு வாங்க ஓடிவந்தவளின் ஒரு கையில் ஜெபமாலை, மறுகையில் உப்புப்போட்ட எலுமிச்சைத் தண்ணீர்ப் போத்தல்.

"எங்கயடி, படு. காலைத் தூக்கி வை."

"எனக்கில்லை அக்கா. அந்தா, அதுக்கு."

கொறற்றி சுவரைப் பார்த்தாள். பிறகு போத்தலைத் திறந்து தானே குடித்தாள். "நான் வாற வழியெல்லாம் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு ஓடிவாறன். நீ தகரப்பெட்டிக்கோ என்னைக் கூப்பிட்டனீ?"

தேவமலர் நாட்காட்டியைக் காட்டினாள். "ஒண்டு கொம்மா அஞ்சு எண்டு சொன்னவன்."

யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சில் "கொம்மா" என்றால் "உன் அம்மா". சண்டை முற்றினால் முதலில் இழுக்கப்படுவது அவள்தான்.

"உன்ர அம்மாவை ஏனடி இதுக்குள்ள இழுத்தவன்? நீ என்ன சொன்னனீ அவனுக்கு?"

"அக்கா, பகிடி விடாதேங்கோ. இந்தக் குறிக்கு இவங்கள் அப்பிடித்தான் சொல்லுறவங்கள்."

இரண்டு பேரும் அந்த 1,5-க்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்றார்கள். தேவமலர் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரி. அவள் படித்த கணக்கில் ஒன்றரையை எழுதினால் நடுவே புள்ளிதான் வரும்; வாயால் சொன்னால் ஒண்டு தசம் அஞ்சு. இப்படி வால் வைத்த குறி போட்டால் அது இரண்டு தனித்தனி எண். ஒன்று, ஐந்து. அதாவது ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறான். வட்டத்தைப் பார்த்தால் அதில் நாலுக்கு மேல் எண்ணே கிடையாது.

"ஒண்டு வைச்சால் போதாமல் போகும். அஞ்சு அதில இல்லை," என்றாள் தேவமலர்.

"அப்ப நடுவில வை. மூண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

சரியான யோசனையாகத்தான் பட்டது. குமிழைத் திருகினாள். தண்ணீர் "ஸ்ஸ்ஸ்" என்று உள்ளே ஏறியது. முள் அசைந்தது. ஒன்று. ஒன்றரை. இரண்டு. "ஏறுது, ஏறுது" என்று கொறற்றி முள்ளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றைத் தொட்டதுதான் தாமதம், பொயிலரின் அடியிலிருந்த செம்புக் குழாய் ஒன்று இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டுக் கறுப்புத் தண்ணீரைக் கக்கத் தொடங்கியது.

கொறற்றி ஒரே எட்டில் வாசலுக்குப் போய்விட்டாள். "வெளியில வா மலர். வெடிக்கப்போகுது."

தேவமலர் போகவில்லை. குமிழை இறுக்கி மூடினாள். ஆனாலும் குழாய் கக்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் கருமை. நாளை காலை அந்தத் தாதி வந்து மிதிக்கப்போகிற தரை. கைக்கு அகப்பட்ட பாத்திரத்தை இழுத்துக் குழாய்க்கு நேரே வைத்தாள். யூட்சனைக் குளிப்பாட்டவென்று வாங்கிய, இன்னும் கடைக் கடதாசி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தொட்டி அது.

"பிள்ளையின்ர தொட்டியிலயோ பிடிக்கிறாய்?" வாசலில் நின்றபடியே கொறற்றி.

தொட்டியில் மைபோலத் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கப் பார்க்கத் தேவமலருக்கு வெட்டுக்காயத் தழும்பு இழுத்தது. பாழாக்கிவிட்டேன், நாளைக்கு அவன் வரமாட்டான் என்ற ஒரே நினைப்புத்தான். கக்கல் ஒழுக்காகி, ஒழுக்கு சொட்டாகி, கடைசியில் நின்றது. முள் மூன்றுக்குச் சற்றுக் கீழே நின்றது.

அழுத்தம் மூன்றைத் தொட்டால் தானே திறந்து தண்ணீரைத் தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு அது. வெடிக்காமல் இருப்பதற்காகவே வைத்தது. அவர்கள் அன்றைக்குக் கண்டது ஆபத்து இல்லை, காவல். ஆனால் அதை அன்றைக்கு அங்கே நின்று யார் சொல்வது?

"ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்கச் சொல்லு," என்றாள் கொறற்றி, மெல்ல உள்ளே வந்து. "ரெண்டு நாளில என்ன வந்திடப்போகுது?"

"ஏலாது அக்கா. அவன் இப்பதான் சூடு பிடிக்கப் பழகினவன். காலமையும் தாதி பாத்துட்டுச் சொன்னவள், முப்பத்தாறு கொம்மா எட்டு, நல்ல பிள்ளை எண்டு."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

முப்பத்தாறு கொம்மா எட்டு. தினமும் கேட்டது. தாதி அவளுக்காகவே நிறுத்தி நிறுத்திச் சொல்வது. அது முப்பத்தாறும் எட்டும் இல்லை. முப்பத்தாறுக்கும் எட்டுக்கும் நடுவிலும் இல்லை. பிள்ளையின் உடம்புச் சூடு. முப்பத்தாறு தசம் எட்டு.

"அக்கா. ஒண்டரை. அவன் சொன்னது ஒண்டரை."

"ஒண்டரை எண்டால் ஒண்டரை எண்டு சொல்லவேண்டியதுதானே. அதுக்கேன் அம்மாவைக் கூப்பிடுறான்?"

கூடுதலான தண்ணீரை வெளியே விடவேண்டும். ரேடியேட்டரின் மேல்மூலையில் காற்றுப் போக்குகிற சின்னத் திருகு உண்டு என்பது தேவமலருக்குத் தெரியும். அதன் சாவி ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ஏன் அங்கே கிடக்கிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. தேவமலர் அறையில் கோப்பையைப் பிடித்துத் திருகைத் திறக்க, கொறற்றி குசினியில் முள்ளுக்குக் காவல் நின்றாள். முதலில் காற்றுச் சீறியது, பிறகு தண்ணீர். "ரெண்டு… ரெண்டுக்குக் கீழ… இன்னும் விடு… பூட்டு, பூட்டு."

ஒன்றரை.

பொயிலரின் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. உள்ளே "ஃபூப்" என்று நீலம் பிடித்தது. கொறற்றி சிலுவை போட்டுக்கொண்டாள். தேவமலர் உட்காரவில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக முள் கொஞ்சம் மேலே நகர்ந்தது. சூடானால் தண்ணீர் விரியும், முள் சற்று ஏறும், அது சரிதான். அவளோ ரேடியேட்டரில் ஒரு கை, கண் முள்ளில் என்று இரண்டு அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

இருட்டுகிற நேரம் செல்வராசா வந்தான். ஈரத் தரையையும் கறுத்த தொட்டியையும் பார்த்தான். "என்னப்பா நடந்தது? நான் காலமை துப்புரவாக்கிப்போட்டெல்லோ போனனான்."

"எதைத் துப்புரவாக்கினீங்கள்?"

"ரேடியேற்றரை. பிள்ளை வாற வீடு, உள்ளுக்க ஒரே கறுப்புத் தண்ணி நிண்டது. தெளிஞ்ச தண்ணி வருமட்டும் எல்லாத்தையும் இறைச்சு ஊத்தினன்."

வருஷத்துக்கு ஒருமுறை கிணற்றைச் சேறு போக இறைத்துத் தெளியவைக்கிற பழக்கத்தில் வளர்ந்தவன். ஊற்று இருக்கிற கிணறு தானே ஊறிவிடும். ரேடியேட்டருக்கு ஊற்று ஏது? அடைத்துவைத்த தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கறுப்பாக இருந்தாலும் அதுதான் அதற்கு வேண்டியது. இறைத்த அளவுக்கு முள் இறங்கிவிட்டது; பொயிலருக்குள் தங்கியிருந்த மிச்சக் கறுப்புத்தான் மத்தியானம் தொட்டியில் விழுந்தது.

கொறற்றி கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "தம்பி செல்வராசா, நாளைக்கு வாறவள் கேட்டால், வீட்டுக்குள்ள கிணறு இருக்கெண்டு சொல்லிப்போடாதை. பிள்ளை விழுந்திடும் எண்டு தரமாட்டினம்."

தேவமலர் சிரிக்கவில்லை. "வேற எதையும் துப்புரவாக்கினனீங்களோ? இப்பவே சொல்லுங்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தாதி வந்தாள். கையுறையைக் கழற்றாமல் அறை நடுவில் நின்றாள். தேவமலர் அவள் கையையே பார்த்தாள். ஒரு கையுறை கழன்றது. மற்றதும் கழன்றது. கோட்டையும் கழற்றி நாற்காலியில் போட்டாள். பிள்ளை எங்கே படுப்பான் என்று மட்டும் கேட்டாள். தொட்டில் ரேடியேட்டருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவு சூடு ஆகாது, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்றாள். பின்னேரம் யூட்சன் வீட்டுக்கு வந்தான்.

இதை எழுதுகிற 1998-இல் தேவமலரும் செல்வராசாவும் டார்ம்ஸ்டாட்டில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தேவமலர் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரைநாள் வேலை பார்க்கிறார். யூட்சன் கிண்டர்கார்டனுக்குப் போய்வருகிறான்.