கண் கிளினிக் என்று சொல்லிவிட்டு நுவரெலியா போன கதை

இந்தப் பக்கத்தில் இதுவரை அருவி, ரயில், எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை நானும் என் கணவரும் போனது நுவரெலியாவில் இருக்கும் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குக்கு. அவர் தனியாகப் போய் வருகிறவர், எனக்கு இது முதல் தடவை. அதனால் போவதற்கு முன் தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். ஆட்கள் விவரத்தை மாற்றியிருக்கிறேன், பஸ் நேரத்தை மாற்றவில்லை.

என் கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் வெளிநாட்டு வேலைக்குப் போக எடுத்த மெடிக்கலில் தெரிந்தது. எனக்கு இல்லை. அவர் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிறவர். இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, இனி மனைவிக்குத் தொற்றாது என்று டொக்டர் சொன்ன பிறகு ஆணுறையையும் விட்டுவிட்டோம். இனி எந்த நோயும் வராது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அப்படி யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்பது இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. போன மாதம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் இருக்கிறதாம், என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய பரிசோதனையில் அது இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. ஏன் பயம் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை 5.50க்கு வட்டகொடையில் பஸ் ஏறினோம். தலவாக்கலைக்கு ஏழு கிலோமீட்டர் போல, ஆளுக்கு 60 ரூபாய். அங்கே 6.30க்கு நுவரெலியா பஸ், 190 ரூபாய். லிந்துலை, நானுஓயா வழியாக ஒன்றேகால் மணி நேரம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது என்று வழக்கமாக எழுதுவேன். அன்று ஜன்னலில் என்ன தெரிந்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஒரு தொல்லை உண்டு. ஏறியவுடன் எங்கே போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த வரிசை வீடுகளில், பக்கத்து லயத்தில், இருக்கும் அக்கா ஒருவர், கொழுந்து பறிக்கிறவர், முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"எங்கம்மா, ரெண்டு பேரும் சேந்து பயணம்?"

"இவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குக்கா. கண் கிளினிக்கு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அட, நானும் ஆஸ்பத்திரிக்குத்தான், பிரஷர் கிளினிக்கு. வாங்க, நம்பர் நான் எடுத்துத் தாறேன். எனக்கு அங்க எல்லாம் அத்துப்படி."

தோட்டத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருவருக்கொருவர் வரிசை பிடித்துக் கொடுப்பது வழக்கம். நல்ல பழக்கம்தான், அன்றைக்குத் தவிர. பஸ் நிலையத்திலிருந்து மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம், 250 ரூபாய். இறங்கியதும் அக்கா ஓடினார். நாங்கள் கேட் தாண்டுவதற்குள் கண் கிளினிக் நம்பர் துண்டுச் சீட்டுடன் வந்துவிட்டார். அறுபத்தொன்றாம் நம்பர்.

"இங்கயே ஒக்காருங்க தம்பி. எந்திரிச்சா எடம் போயிரும். நான் பக்கத்துலதான் இருப்பேன்" என்று என் கணவரை பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீ போ. நான் பொறவு வாறேன்" என்று மெல்லச் சொன்னார்.

இப்படித்தான் நான் தனியாக உள்ளே போனேன். நாங்கள் போக வேண்டிய கிளினிக் தனிக் கட்டடம், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர் அட்டைதான். இரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து டொக்டர் அறைக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர், என் வயதுதான் இருக்கும். எனக்கு எச்.ஐ.வி. இல்லை, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், ஆனால் சிபிலிஸ் இருக்கிறது என்றார்.

"அவரு மாத்திரை போடுறாரே டொக்டர்" என்றேன், ஏதோ அவர்மேல் புகார் சொல்வதுபோல.

"அந்த மாத்திரை எச்.ஐ.வி.க்குத்தான். இதை அது தடுக்காது. இது ஊசியில மாறிவிடும், பயப்பிடாதேங்கோ." பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "போன வருசம் முழுக்க நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்தனீங்களோ?"

இல்லை. போன வருடம் சண்டை போட்டுக்கொண்டு ஏழு மாதம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு இருந்தேன். அங்கே ஒருவர் இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் வீடு திரும்பினேன். இதை வாய்விட்டுச் சொன்னது அந்த டொக்டரிடம்தான் முதல் தடவை.

"அப்ப இது என்னாலயா, அவராலயா?"

"அதை இரத்தம் சொல்லாது. நாங்களும் அவரிட்ட ஒண்டும் சொல்லமாட்டம். ஆனா அந்த ஆளுக்கும் தெரியப்படுத்த வேணும், அவரும் ஊசி போட வேணும்."

எனக்கு எப்போது தொற்றியது என்று சரியாகத் தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று தடவை ஊசி, கணவருக்கு ஆறு மாதத்துக்குள் வந்தது என்று தெரிவதால் ஒரே தடவை. இடுப்புக்குக் கீழே போடுகிறார்கள். வலி மோசம். எல்லாம் இலவசம்.

பன்னிரண்டரைக்கு என் கணவர் வந்தார். கண்ணையும் பரிசோதித்துவிட்டார்களாம், பார்வை நன்றாக இருக்கிறதாம். ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி பஸ் நிலையத்துக்கு நடந்தோம், பதினைந்து நிமிடம். தேநீர்க் கடையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பிளேன்டீ குடித்தோம்.

"மன்னிச்சிரு" என்றார் அவர். "நான் எங்கயும் போகல, சத்தியமா. ஆனா என் ஒடம்புல உள்ள அந்தச் சனியன்தான் இப்பிடி வேற மாதிரி கெளம்பியிருக்கு போல. ஆறு வருசமா இதுக்குத்தான் பயந்தேன். கடசில ஒனக்குக் குடுத்துட்டேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவரே பழியை எடுத்துக்கொண்டு நின்றார். இப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"ஏங்க, அது அப்பிடி மாறாதுங்க" என்றேன். கொழும்பைச் சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

கோப்பையை வைத்தார். "அப்ப... என்கிட்ட இருந்து ஒனக்கு வரலியா?"

"வரலன்னுதாங்க நெனைக்கிறேன்."

"நெசமாவா? என்னால இல்லியா?" முகம் மலர்ந்துபோய்க் கேட்டார். ஆறு வருடமாக அவர் தோளில் இருந்தது இறங்கியது எனக்குக் கண்ணால் தெரிந்தது. பிறகு மெதுவாக அந்த முகம் மாறியது. தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தார். என்னை அறைந்திருந்தால்கூட என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: எட்டரைக்கு முன் போய்ச் சேருங்கள். அடையாள அட்டை கேட்டால் கொடுங்கள், ஆனால் பெயரை உரக்கப் படிக்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஊசி போட்டு, டொக்டர் சரி என்று சொல்லும்வரை சேர வேண்டாம். ஏற்கனவே எச்.ஐ.வி. உள்ளவர்கள், அவர்களோடு வாழ்கிறவர்கள், வைரஸ் குறைந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல் இந்தப் பரிசோதனையையும் கேட்டு எடுங்கள். ஆணுறை இதற்கும் உதவும். நோய் யாருக்கு முதலில் வந்தது என்று ஏற்கனவே நோயுள்ளவரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அவர் கட்டினார், நானும் அப்படியே விட்டுவிடப் பார்த்தேன். பஸ்ஸில் கேட்டால் பிரஷர் என்று சொல்லாதீர்கள், கண் என்றும் சொல்லாதீர்கள். வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

கொழும்பு ஆளுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். என் இரண்டாவது ஊசியும் முடிந்தது. வீட்டில் அவர் சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், தேவைக்குப் பேசுகிறார். இன்று காலை தேயிலை ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அந்த ஆளு யாருன்னு ஒருநா எங்கிட்ட சொல்லு" என்றார். "இன்னைக்கு வேணாம்."