போத்தா பாலத்துக்கு அப்பால் நான்காவது கிலோமீட்டர்

காலை ஏழு இருபதுக்கு ஈப்போவில் சாவியைத் திருப்பினேன். ஏழு முப்பத்தைந்துக்குத்தான் கார் புறப்பட்டது. லுமுட்டில் இருக்கும் நண்பரைப் பார்த்துவிட்டு மாலையே திரும்புவதாகத் திட்டம். காருக்கு முப்பத்தோரு வயது, எனக்கு எழுபத்தாறு. இருவரில் காலையில் எழச் சிரமப்படுவது கார்தான். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். ஆறாவது, ஏழாவது முறை முனகிக்கொண்டு எழும். திரும்பும் விளக்கைப் போட்டால் முன்பலகை விளக்குகளும் சேர்ந்து மினுக்கும்.

இதற்கு இரண்டு ஆண்டுகளாக ஈப்போவின் ஒரு பெரிய பட்டறையில் வைத்தியம். குளிரூட்டிய அறை, கணினி, ஆங்கிலத்தில் அச்சடித்த அறிக்கை. முதலில் பேட்டரியை மாற்றினார்கள். பிறகு ஸ்டார்ட்டர். பிறகு அல்டர்னேட்டர். ஒவ்வொரு முறையும் "இதுதான் சார் காரணம்" என்றார்கள். ஒருவராவது மீட்டரை எடுத்து அளந்து பார்த்தாரா? இல்லை. நாடி பிடிக்காமலே உறுப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போடும் வைத்தியரை யாராவது இரண்டாம் முறை தேடிப் போவார்களா? நான் மூன்று முறை போனேன்.

எட்டரை மணிக்கு ஸ்ரீ இஸ்கண்டாரில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். விலை இரண்டு வெள்ளி, சர்க்கரை அதிகம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டக்'. பக்கத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி நின்றது. அதன் ஓட்டுநர், நாற்பது வயதிருக்கும், பல்குச்சியோடு இறங்கி வந்தார்.

"பேட்டரி புதுசு மாதிரி இருக்கே அங்கிள்?"

"எல்லாமே புதுசு தம்பி. ஸ்டார்ட்டர்கூடப் புதுசு."

"அப்ப கார மட்டும் மாத்தல போல." சிரித்துக்கொண்டே பானெட்டுக்குள் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அடடா, ஆக்சிலேட்டர் கேபிள் சுடுது லா!"

லாரியிலிருந்து கறுப்பு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை என் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சினின் வெறும் இரும்பிலும் கடிக்க வைத்தார். வேறு எதையும் தொடவில்லை. "இப்ப அடிங்க." முதல் திருப்பலிலேயே கார் எழுந்தது.

"எர்த் வயரு போயிருச்சு. இத யாருமே சொல்லலயா?"

ஒருவர் சொல்லியிருந்தார். அதனால்தான் என்னால் லாரி ஓட்டுநருக்கு நன்றிகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில், போத்தா பாலம் தாண்டிய நான்காவது கிலோமீட்டரில், கார் நின்றது. எதிரே நீலத் தகரக் கூரையோடு ஒரு பட்டறை. அதை நடத்திய தோட்டத்து மனிதர் என் விரலைப் பிடித்து அதே ஆக்சிலேட்டர் கேபிள் மேல் வைத்தார். சுட்டது. "கரண்டு போற வழி அடைச்சிருக்கு சார். அதான் இந்தக் கேபிள் வழியா போவுது. இப்ப சுரண்டி விடுறேன், வயர மாத்திடுங்க" என்றார். பேட்டரியைக் கழற்றி, முனைகளைச் சுத்தம் செய்து மாட்டினார். கார் ஓடியது. மறு வாரம் ஈப்போவில் மறுபடியும் நின்றது. பெரிய பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பேட்டரி சார், நல்லத எடுத்துட்டு எவனோ இத வச்சிட்டான்" என்றார்.

என் பேட்டரி ஏற்கெனவே மூன்று ஆண்டுப் பழையது. ரசீது என் மேசையில் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் குற்றம். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. யாழ்ப்பாணத்துப் பேச்சு, மேட்டு வீடு. கீழே தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்த காதோடுதான் நான் பள்ளி ஆசிரியனானேன்.

அன்றே உட்கார்ந்து, இதே பத்திரிகையின் இதே பக்கத்துக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதினேன்.

ஒன்பதேகாலுக்குப் பாலம் தாண்டினேன். பேராக் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. நான்காவது கிலோமீட்டரில் நீலக் கூரை இருந்தது; கீழே பூட்டு, வாசலில் முழங்கால் உயரத்துக்கு லாலாங் புல். எதிரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்ற பெண்ணைக் கேட்டேன்.

"மாரி அண்ணனா? உள்ள பழைய தோட்டத்துக்குப் போயிட்டாங்க. யாரோ பேப்பர்ல எழுதி விட்டாங்க லா. அப்புறம் எவன் இங்க கார நிறுத்துவான்?"

யாரோ. நான் தலையாட்டிவிட்டுப் புறப்பட்டேன். நான்தான் என்று சொல்லத் துணிவில்லை.

செம்பனைகளுக்கு நடுவே மூன்றரை கிலோமீட்டர் மண் பாதை. ரப்பர் மரங்கள் எப்போதோ போய்விட்டன. லயத்தில் ஏழெட்டு வீடுகள் மிச்சம். கடைசி வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார் மாரி. தலை நன்றாக நரைத்திருந்தது.

"என்னைத் தெரிகிறதா?"

"கார் தெரியுது" என்றார்.

அவர் மனைவி கமலா வெளியே வந்தார். என்னையும் காரையும் பார்த்தார். உள்ளே போய், பிஸ்கட் டின்னிலிருந்து மடித்த பத்திரிகைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"படிங்க சார். நாங்க தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான். எழுதுனவங்க படிச்சாத்தான் அழகா இருக்கும்."

படித்தேன். 'கேபிள் சுடுகிறது என்று கதை சொல்லும் அந்த மேதையிடம் வாசகர்கள் ஏமாற வேண்டாம். தோட்டத்து ஆட்களின் கையில் காரைக் கொடுத்தால், இறங்கும்போது இருந்த பேட்டரி...' அங்கே நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க. எங்கண்ணன் மக கல்யாணத்துல ஒருத்தரு இத நிறுத்தாமத்தான் படிச்சாரு. பந்தியே சிரிச்சிச்சு."

"...ஏறும்போது இருக்காது" என்று முடித்தேன். அந்த வரிக்காக என் நடையைப் பாராட்டிக் கடிதம் வந்ததும் நினைவுக்கு வந்தது.

"அம்மா, நான் எழுதியது பொய். தம்பி, மன்னித்துவிடுங்கள்."

"மன்னிப்பு கெடக்கட்டும். பானெட்ட தொறங்க" என்றார் மாரி.

"இவருக்கு எதுக்கு செய்றீங்க? ஈப்போவுல ஏர்கான் போட்ட பெங்கெல், பட்டறன்னு எத்தனையோ இருக்குல்ல, அங்க போவட்டும்!"

"காரு என்ன பண்ணுச்சு கமலா?"

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மற்றதை இஞ்சினிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். "அரை வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. பாருங்க." மூன்று காட்டியது. பேட்டரித் தட்டுக்கு அடியிலிருந்து எர்த் வயரைக் கழற்றினார். வெளியே உறை நன்றாகத்தான் இருந்தது. கத்தியால் கீறினார், பச்சைத் தூள் கொட்டியது. உள்ளே நாலைந்து செம்பு இழைகளே மீதி. தடித்த புது வயர் போட்டு, இரும்பைப் பளபளக்கத் தேய்த்து முடுக்கினார். இருபது நிமிடம். நாற்பது வெள்ளி. கூடக் கொடுத்ததை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

பத்தரை மணிக்குப் புறப்படும்போது கேட்டேன்: "நான் என்ன செய்யட்டும் தம்பி?"

"அன்னிக்கு எடத்த அவ்ளோ கரெக்டா எழுதுனீங்க. என் பேர மட்டும் எழுதல."

பெயரை எழுதாதது என் பெருந்தன்மை என்றுதான் இரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

"இப்ப பேரயும் போட்டு எழுதுங்க" என்றார். கமலா தாளை மறுபடி மடித்து டின்னில் வைத்தார். "இது இங்கயே இருக்கும். அது வந்தா பக்கத்துல வைக்கிறேன்."

லுமுட்டுக்குப் போகவில்லை. திரும்பும் வழியில் கார் இரண்டு முறை நின்றது. நான் வேண்டுமென்றே நிறுத்தினேன். இரண்டு முறையும் உடனே எழுந்தது. ஈப்போவின் பெரிய பட்டறையில், கழற்றிய அந்தப் பச்சை பூத்த வயரை மேசைமேல் போட்டேன். "பழைய காருன்னா அப்படித்தான் சார், புதுசு வாங்குங்க" என்றார் மேலாளர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். கத்த வாயெடுத்தேன். அன்று பேட்டரியைப் பற்றி இங்கே சொன்னது ஒரு வாக்கியம்தான். அதை அச்சேற்றி ஊருக்கெல்லாம் கொடுத்தவன் நான்.

எனவே வாசகர்களே, குறித்துக்கொள்ளுங்கள். காலையில் உங்கள் பழைய கார் 'டக்' என்று மட்டும் சொன்னால், எதையும் மாற்றாதீர்கள். ஈப்போவிலிருந்து லுமுட் சாலையில் போங்கள். போத்தா பாலம் தாண்டி நான்காவது கிலோமீட்டரில், பூட்டிய நீலக் கூரைக்கு அடுத்து, இடப்பக்கம் மண் பாதை. லயத்தின் கடைசி வீடு. பெயர் மாரிமுத்து. அன்று நான் எழுதிய வழியைவிட இது மூன்றரை கிலோமீட்டர் அதிகம். அந்த மூன்றரை கிலோமீட்டரும் நான் போட்ட பாதை.