அரியலூர் தாண்டாத மூச்சு

கலியமூர்த்தி அண்ணனின் சாவுக்கு நாங்கள் பொறுப்பு. நாங்கள் என்றால், அவருக்கு போன் வழியாக மூச்சுப் பயிற்சி கொடுத்த திட்டத்தின் ஆட்கள். அதில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் நானும். இறப்பதற்கு முந்தைய ஒன்பது நாட்களும் அவர் நலமாக இருந்தார் என்று எங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு பொய்.

பெரம்பலூரில் எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. நுரையீரல் கெட்டவர்களுக்கான திட்டத்துக்கு மாடியில் அலுவலகம் பிடித்தவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. பத்தாம் நாள் காலை யாரோ வந்து, கீழே ஒரு அம்மா உங்களைக் கூப்பிடுகிறார் என்றார்கள். இறங்கிப் போனேன். அரும்பாவூர் பாப்பாத்தி அக்கா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அடுப்புப் புகையில் மூச்சைத் தொலைத்தவர். அண்ணனோடு ஒரே குழுவில் பயிற்சி செய்தவர். மாத்திரை வாங்க பஸ் ஏறி வந்திருந்தார்.

"டீச்சரு, நம்ம கண்டக்டரு போயிட்டாரு."

"எப்பக்கா?"

"விடியக்காலையில. அவரு சம்சாரம் வளர்மதி போன் பண்ணி அழுவுது. நேத்துகூட ஒண்ணுதான் அமுக்குனாராம்."

ஒன்றை அமுக்குவது என்ன என்று, அவரோடு குழுவில் இருந்த உங்கள் பதினோரு பேருக்கும் தெரியும். மற்றவர்களுக்குப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவரைப் பற்றி.

பெரம்பலூரிலிருந்து தா.பழூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். பாதி நேரம் படிக்கட்டில் நின்றுதான் வந்திருக்கிறார். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் சிமெண்ட் லாரி, நடுவில் இவர் வாய். வாயைத் திறந்து ஊர் பெயரைக் கத்தினால்தான் சம்பளம். கூடவே பீடி. ஐம்பத்தொரு வயதில் மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, வீடியோ காலில் பயிற்சி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில், ஒரு போன். அவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

முதல் நாள், உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னேன். மூச்சு வாங்கும்போது அப்படி ஊதினால் உள்ளே அடைபட்ட காற்று வெளியே போகும். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ணே, ஊதுங்க."

"இருவத்தாறு வருசம் விசில் ஊதுனவனுக்கு ஊதக் கத்துக்குடுக்கறீங்களா டீச்சரு? நல்லாருக்கு கூத்து."

மற்ற பதினோரு பேரும் சிரித்து, சிரித்ததால் இருமி, அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. அடுத்த வகுப்பில் அவரே விசிலோடு வந்தார். அதை வாயில் வைத்து, சத்தமே வராத அளவுக்கு மெல்ல ஊதிக் காட்டினார். "சத்தம் வந்தா வண்டி நின்னுரும். சத்தம் வராம ஊதுனா வண்டி போயிட்டே இருக்கும். அம்புட்டுதான் டீச்சரு சொல்றது." கல்லூரியில் எனக்கு இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அவரை உத்தமராக்கி எழுதப் போவதில்லை. பீடியை விட்டுவிட்டதாக இரண்டு முறை பொய் சொன்னார். ஒருநாள் வீடியோவில் அவர் தலைக்குப் பின்னால் புகை சுருண்டு ஏறியது. கேட்டேன். "பக்கத்து வூட்டுக்காரன் டீச்சரு, சொன்னா கேக்க மாட்டேங்கறான்" என்றார். கேமராவுக்கு வெளியிலிருந்து அவர் மனைவி வளர்மதி அண்ணியின் குரல் வந்தது: "பக்கத்துல ஏதுய்யா வூடு? அது எலந்தக் காடு!" இரண்டாம் மாதத்தில் உண்மையாகவே விட்டார். அதையும் அண்ணிதான் சாட்சி சொன்னார்.

எங்கள் படிவத்தில் மூச்சு வாங்குவதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. பூஜ்யம் என்றால் சிரமமே இல்லை. பத்து என்றால் தாங்க முடியவில்லை. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும். பாப்பாத்தி அக்கா தொடர்ந்து மூன்று நாள் "பத்து" என்றார். நான் பதறி ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாப் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்ததற்குத் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க் அது. குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம சனத்துக்கு என்னைக்கு டீச்சரு பத்துக்குப் பத்து கெடைச்சிருக்கு? கெடைக்கறப்ப வுடுமா?"

அன்றைக்குத்தான் அவர் தன் கணக்கைச் சொன்னார். மூச்சை இழுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் கூவுவதைப் போலவே கூவினார்: "பெரம்பலூரு, தொறமங்கலம், பேரளி, அரியலூரு, கைகாட்டி, ஒடையார்பாளையம், ஜெயங்கொண்டம், தா.பழூரு!" ஒரே மூச்சு. சின்ன ஊர்களெல்லாம் வழியில் ஏறிக்கொள்ளும் என்றார். "தா.பழூரு போயிட்டா நல்ல மூச்சு. ஜெயங்கொண்டத்துல எறங்குனா சுமாரு. அரியலூர்லயே நின்னு போச்சுன்னா, வண்டிய ஷெட்டுக்கு ஓட்டிரணும் டீச்சரு. அப்பறம் பேச்சே இல்ல."

அதன்பிறகு எல்லோரும் அவரவர் ஊர் பஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். பாப்பாத்தி அக்காவுக்கு அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் வரை ஐந்து ஊர். மார்க்கில் பொய் சொல்லலாம். ஒரே மூச்சில் சொல்கிற ஊரில் பொய் சொல்ல முடியாது. நடுவில் மூச்சு அறுந்தால் கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். கலியமூர்த்தி: ஆறு, ஆறு, ஏழு, எட்டு.

திட்டத்தில் ஒரு வாழ்க்கைமுறைக் குறிப்பும் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். வழவழப்பான தாள், பூங்காவில் நடக்கிற தம்பதி படம். தூசும் புகையும் உள்ள இடங்களைத் தவிர்க்கவும், காலையில் திறந்த வெளியில் நடக்கவும். அண்ணன் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். அவர் வீடு அரியலூருக்கு வெளியே, லாரி போகிற சாலை ஓரம். கொடியில் காயும் வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். "எந்தப் பக்கம் நடக்கட்டும் டீச்சரு? கதவத் தொறந்தா லாரி. சாத்துனா அடுப்பு." தாளை அச்சடித்தவர்களுக்கு, மூச்சு கெட்டவனைத் தள்ளி நடக்கச் சொல்வது, லாரிக்குத் தார்ப்பாய் போடச் சொல்வதைவிடச் சுலபம். கடைசியில் அவர் முன்வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவே, வீட்டுக்குள்ளேயே நடந்தார். ஒரு நடைக்குப் பதினெட்டு எட்டு. தினமும் நூறு நடை.

இனி அந்த ஒன்று, இரண்டு.

ஆறு மாதம் கழிந்ததும் எங்கள் வீடியோ வகுப்பை நிறுத்தினார்கள். நிறையப் பேரைச் சேர்க்க வேண்டும், ஆள் போதாது என்றார்கள். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் பதிவு செய்த பெண் குரல் ஒன்று அழைக்கும். பயிற்சியை அதுவே சொல்லும். முடிவில், "நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். மூச்சுச் சிரமம் இருந்தால் இரண்டை அழுத்தவும்." வகுப்புக்கு நான் வைத்திருந்த போனை வாங்கிக்கொண்டு என்னை அறிக்கை எழுத உட்கார வைத்தார்கள். சொந்த எண்ணை நோயாளிகளுக்குத் தரக்கூடாது என்பது விதி. நான் தரவில்லை. விதியை மதித்த இந்த ஒரு காரியத்துக்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

முதல் வாரம் பாப்பாத்தி அக்கா உண்மையாக இரண்டை அமுக்கினார். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, டாக்டரைப் பார்த்துக் கடிதம் வாங்கி வரும்வரை பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது என்றார். மோசமாக இருப்பவரைப் பயிற்சி செய்ய வைக்கக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி. படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். அரும்பாவூரிலிருந்து மூன்று முறை அலைந்து அக்கா கடிதம் வாங்கினார். சேதி உங்கள் குழு முழுவதற்கும் போனது. இரண்டை அமுக்கினால் பேர் போய்விடும். பேர் போனால் மாத்திரையும் போய்விடும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே கதி என்று நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். அது தவறு, மாத்திரை போகாது. ஆனால் அதைச் சொல்ல அந்தக் குரலுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எல்லோரும் ஒன்று. கணினியில் எங்கள் திட்டம் அமோக வெற்றி.

சாவுக்குப் போயிருந்தேன். வளர்மதி அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கடைசி ஒன்பது நாளும் அவர் காலையில் எழுந்து தனியாக ஊர் சொல்லிப் பார்த்தாராம்.

"அரியலூரே தாண்ட மாட்டேங்குது வளருன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்யான்னேன். போனா பேர எடுத்துருவாங்க, நாலு நாள் பாப்போம்னாரு. போன் வந்துச்சு. அந்த அம்மாகிட்டயாவது சொல்லுய்யான்னேன். 'எங்கிட்டு சொல்றது, அது நம்மள பேச வுடாம பேசுது'ன்னுட்டு ஒண்ண அமுக்கிட்டாரு."

அவர் தன் கணக்கில் தவறவே இல்லை. வண்டி அரியலூரில் நின்றுவிட்டது, ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் காதில் வாங்க மறுமுனையில் ஆள் இல்லை.

அலுவலகக் கூட்டத்தில் அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்ததும் நான் கேட்டேன். வாரம் மூன்று நாள், ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரு மனிதர் பேச வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை ஊர் என்று கேட்டு எழுத படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும். முடியவில்லை என்று சொன்னவரின் பேரை எடுக்கக்கூடாது. ஒருங்கிணைப்பாளர் குறித்துக்கொண்டார். பிறகு எழுதியும் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

அவருடைய விசிலை அண்ணி எனக்குத் தரப் பார்த்தார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். என்னிடம் இருப்பது ஓரத்தில் பென்சில் எண்கள் உள்ள அந்தப் படிவக் கட்டும், அவருடைய கணக்கும். உங்கள் பதினோரு பேருக்கும் என் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டேன். காலையில் ஆறரையிலிருந்து ஒவ்வொருவராக அழைத்து ஊர் சொல்கிறீர்கள். நான் எழுதுகிறேன்.

இன்று காலை பாப்பாத்தி அக்கா அழைத்தார். "அரும்பாவூரு, கிருஷ்ணாபுரம், வேப்பந்தட்ட..." அதோடு நின்றது. நேற்று ஐந்து ஊரும் சொன்னவர். உடனே கிளம்பி வரச் சொன்னேன். "பேர எடுத்துருவாங்களே டீச்சரு" என்றார். பேரை நான் பார்த்துக்கொள்கிறேன், மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள், நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன் என்றேன். நின்றபடியேதான் இதை எழுதி முடிக்கிறேன். அந்தக் குரல் இன்றும் அவரை அழைத்திருக்கும். அவரும் ஒன்றை அமுக்கியிருப்பார்.

மாடியில் இருக்கிறவர்களே, பாப்பாத்தி அக்காவுக்கு இன்று மூன்று. இதை எந்தக் கட்டத்தில் எழுதட்டும்? சொல்லுங்கள்.