எட்டுத் தோட்டாவும் இருபத்து மூன்று வேகத்தடையும்

பதினோரு வருடம் நான் கம்பெனி வேனை இரண்டாவது கியருக்கு மேல் ஓட்டியதில்லை. வண்டியில் கோளாறு இல்லை. எனக்குக் கண்ணும் நன்றாகத்தான் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த சென்னிமலை அண்ணன்தான் காரணம். வேகமாகப் போனால் அவர் இடுப்பில் இருக்கிற பிஸ்டலுக்குள் தோட்டா நகர்ந்துவிடுமாம்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சாயப்பட்டறை லாரிக்காரன் ஒருவன் முந்திப் போகும்போது தலையை வெளியே நீட்டி, "உள்ள பொணமா, புள்ளத்தாச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். என்ன சொல்வது? தோட்டா என்றா சொல்ல முடியும்?

சென்னிமலை அண்ணன் வெள்ளகோவில் பக்கம் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, லைசென்ஸ் வாங்கிச் சொந்தமாக பிஸ்டல் வைத்திருந்தார். திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் முதலாளி அப்புசாமி நடத்துகிற பனியன் கம்பெனியில் அவர்தான் கன்மேன். சனிக்கிழமை சம்பளப் பணம் பேங்கிலிருந்து வரும்போது காவல். மற்ற நாளில் ஆபீஸ் வாசலில் நிற்பார். ஒல்லியான ஆள். சட்டை மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். கம்பெனியில் அவருக்குப் பெயர் மிலிட்டரி.

அவர் சொன்ன கணக்கு இதுதான். மேகசினுக்குள் எட்டுத் தோட்டா ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். கீழே ஸ்ப்ரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி குலுங்கினால் தோட்டா முன்னால் சரிந்துவிடும். சரிந்த தோட்டா மூக்கைக் கவிழ்த்து மாட்டிக்கொள்ளும். திருடன் எதிரில் நிற்கும்போது பிஸ்டல் மக்கர் பண்ணும். அதனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் வண்டியைத் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்க வேண்டும். இறங்கியதும் அவர் மேகசினைக் கழற்றி, முதுகுப் பக்கத்தை உள்ளங்கையில் டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டித் திரும்பப் போடுவார். பேங்குக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருபத்து மூன்று வேகத்தடை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஸ்ப்ரிங் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்ண்ணா, பட்டாளத்துல லாரியில இருந்து குதிக்கறாங்க, ஓடறாங்க, உருள்றாங்க. அப்ப தோட்டா ஆடாதுங்களா?"

"அது கவருமெண்டு மேகசின். இது நம்ம சொந்த மேகசின். நீ ரோட்டப் பாரு."

இப்படியே பதினோரு வருடம் போனது. போன வருடம் முதலாளி மகள் அக்ஷரா படிப்பை முடித்துவிட்டு வந்து ஆபீஸைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. எட்டு கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம் ஏன் ஆகிறது என்று ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டது. அண்ணன் விறைப்பாக நின்று தோட்டா விவரத்தைச் சொன்னார். அக்ஷரா முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் ஒன்று சொன்னது.

"ஏனுங்ண்ணா, ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல கெட்டுப்போற துப்பாக்கி திருடனுக்கு ஆகுமுங்களா? அது சுடாதுன்னா கன்மேன் எதுக்கு? சுடும்னா, இத்தனை வருசம் வண்டி எதுக்கு நவந்து நவந்து வந்துச்சு?"

அண்ணனுக்கு வேலை போகப் போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவரே வாயைத் திறந்து, "சுட்டுப் பாத்துரலாமுங்க அம்முணி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கி பழகுகிற கிளப்பில் பரீட்சை. நான் பேங்க் ரோட்டில் இருக்கிற இருபத்து மூன்று வேகத்தடையையும் என் இஷ்டத்துக்கு ஏறி இறங்கி வர வேண்டும். அண்ணன் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் அப்படியே சுட வேண்டும்.

அன்றைக்கு நான் ஓட்டினேன் பாருங்கள். முதல் வேகத்தடையில் அவர் தலை கூரையில் இடித்தது. நான்காவதில் செருப்பு காலை விட்டுப் போனது. அவர் கை தன்னையறியாமல் மேகசினுக்குப் போகும். நான் திரும்பிப் பார்ப்பேன். கையை இழுத்துக்கொள்வார். பாதி வழியில் கேட்டார்.

"கந்தவேலு, சுட்டுப்போச்சுன்னா நான் இத்தன வருசம் பைத்தியக்காரன். சுடலைன்னா எனக்கு வேலையில்ல. இதுல எதக் கேட்டு முருகன கும்பிடறது?"

"எனக்கென்னங்ண்ணா தெரியும். முருகனே கொளம்பிப் போயிருப்பாரு."

"நீ கொஞ்சம் மெதுவாப் போனா யோசன பண்ணிச் சொல்லுவேன்."

நான் மெதுவாகப் போகவில்லை.

கிளப்பில் ராஜவேல் என்கிற பயிற்சியாளர் இருந்தார். அக்ஷராவும் வந்திருந்தது. அண்ணன் காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு, மண்சுவருக்கு முன்னால் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்த்து நின்றார். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதுக்கு விரலை இழுத்தார். ஒன்றும் இல்லை. பிஸ்டல் பாதி வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா அம்முணி, நான் சொன்னனா இல்லியா?" என்று அண்ணன் திரும்பினார். முகமெல்லாம் பல். பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஜெயித்தால் வேலை போகும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ராஜவேல் பிஸ்டலை வாங்கி, மேகசினைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். இடுக்கியை விட்டு உள்ளேயிருந்து எதையோ இழுத்தார். வெளியே வந்தது ஒரு விரல் அகலத்தில் வெள்ளைத் துணி. பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி. இரண்டாக மடித்து, ஓரம் தைத்து, மேகசினுக்குள் தோட்டா முன்னால் சரியாதபடி அளவாக இறக்கியிருந்தது. அதன் ஓர நூல்தான் இரண்டாவது தோட்டாவோடு சேர்ந்து இழுபட்டு மாட்டியிருந்தது.

"இது எப்ப வெச்சதுங்க?" என்றார் ராஜவேல்.

"வேலைக்குச் சேந்த ரெண்டாம் மாசம்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்து.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "துணி வெச்சா தோட்டா நவராதில்லீங்ண்ணா. அப்பறம் என்னைய எதுக்குங்க ரெண்டாவது கியர்லயே ஓட்டச் சொன்னீங்க?"

"தையல் விட்டுருமோன்னு ஒரு பயம்."

ராஜவேல் துணி இல்லாமல் புதிதாக எட்டுத் தோட்டா போட்டார். மேகசினை அக்ஷரா கையில் கொடுத்தார். அக்ஷரா அதை மருந்து பாட்டில் மாதிரி குலுக்கியது. பிறகு நான் வாங்கி என் பங்குக்குக் குலுக்கினேன். அண்ணன் சுட்டார். எட்டும் ஒன்று விடாமல் வெடித்தன. பேப்பரில் மட்டும் ஒரு ஓட்டைகூட இல்லை. எல்லாம் மண்சுவரில்.

"தோட்டா நூலளவு முன்ன பின்ன நவரத்தாங்க செய்யும்," என்றார் ராஜவேல். "நவந்தா என்னங்க, மேல இருக்கற இரும்புக் கட்டை வந்து தோட்டாவோட பொறத்தாலதான் தள்ளப்போகுது. ஸ்ப்ரிங் செத்துப்போச்சுன்னாத்தான் கவலப்படோணும். நீங்க தட்டுனதுலயும் தப்பில்ல. தட்டாம உட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அந்தத் துணிதான் ஆளக் கொன்னிருக்கும்."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்ஷரா அந்தத் துணியை எடுத்து விரலில் இழுத்து இழுத்துப் பார்த்தது. ரிப் துணி ரப்பர் மாதிரி நீளும். தைத்தால் சுருங்கும், அலை அலையாக நிற்கும். இது வழுவழுவென்று இருந்தது.

"இது எந்த மெசின்லங்ண்ணா தச்சீங்க?"

"கையிலதானுங்க அம்முணி."

"மிலிட்டரியில என்ன வேல பாத்தீங்க?"

அண்ணன் முதலில் என்னைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். "தையலுங்க. பதினெட்டு வருசமும்."

காஷ்மீரில் கழுத்தளவு பனியில் நின்ற கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன். நின்றது பொய்யில்லை. கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

திரும்பி வரும்போது அவராகவே பேசினார். தறிக்குழியில் உட்காரக் கூடாது என்றுதான் பட்டாளத்துக்கு ஓடினாராம். திருப்பூர் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள். வருடத்தில் ஒருநாள் எல்லோரையும் போல அவரும் சுட வேண்டும். ஒரு வருடம் அவர் துப்பாக்கி மட்டும் மூன்று தடவை மாட்டிக்கொண்டது. இருநூறு பேருக்கு முன்னால், பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் சொன்னாராம், தையல்காரன் மேகசினைத் தட்டாமல் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று.

"அன்னைக்கிருந்து தட்டறேன்," என்றார்.

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. திட்டவில்லை.

அன்றைக்கு ராத்திரியே அக்ஷரா போனில் சொல்லிவிட்டது. கன்மேன் வேலை கிடையாது, பிஸ்டலைக் கம்பெனிக்குக் கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். சாம்பிள் செக்சனில் முதல் மெசின் அண்ணனுக்கு. வெளிநாட்டு ஆர்டருக்கு முதல் உருப்படி தைக்கிற இடம் அது, சம்பளமும் கூடுதல். வேறு யாராக இருந்தாலும் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். அண்ணன் திங்கட்கிழமை சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் தைத்துவிட்டு, வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

துப்பாக்கி இருந்தவரை காலையில் அனுப்பர்பாளையம் பஸ் நிறுத்தத்தில் அவரை ஏற்றி வருவது கம்பெனி ஏற்பாடு. இனி அது இல்லை. மற்றவர்களைப் போல நடந்துதான் வர வேண்டும்.

"கந்தவேலு, ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லிப்போடாத."

"சொல்லுங்ண்ணா."

"வாச கேட்டுல நிக்கற வாட்ச்மேன் அருள்குமாரு, நான் வண்டியில வந்தா சல்யூட் அடிப்பான். இன்னைக்கு நடந்து வந்தேன். உள்ள போக டோக்கன் கேட்டான்."

அவர் என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு வாரம் மட்டும் என்னைய முன்னாடி சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டியா. துப்பாக்கி இல்லாமயும் சல்யூட் அடிச்சு அவன் கைக்குப் பழகிப்போகட்டும். அப்பறம் நான் நடந்தே வந்துக்கறேன்."