மீன்கூடைக்குள் ஒரு காட்டேரி

தொண்ணூறுகளின் பிற்பாதியில், பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் நானும் என் தோழியும் சேர்ந்தோம். நான் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வருவேன், அவள் நசரத்பேட்டை. இருவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அதில் யாரோ இரண்டு காட்டேரி விளையாட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒன்றில் படம் உண்டு. கறுப்புக் கோட்டு போட்ட ரத்தக் காட்டேரி, கல்யாண ஊர்வலத்தில் வழிதவறிய பேண்டு வாத்தியக்காரர் மாதிரி நடந்து வரும். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. மற்றதில் படமே கிடையாது, வெறும் ஆங்கில எழுத்து. ‘நீ ஒரு காட்டேரி. அறை இருட்டாக இருக்கிறது. காவலாளி தூங்குகிறான்’ என்று வரும். அடுத்து என்ன செய்வதென்று நாம் அடிக்க வேண்டும். அந்த இருட்டு எனக்கு எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டாகவே தெரிந்தது. கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். படம் போட்டுக் காட்டாத காட்டேரிதான் நிஜக் காட்டேரி என்பது அன்றிலிருந்து என் கட்சி.

தோழிக்கு வேறு குறை. அவள் காவலாளியிடம் பேசிப் பார்க்க நினைத்தாள். பேசு என்று அடித்தால் அந்தச் சொல்லே தெரியாது என்றது கம்ப்யூட்டர். கடிக்காமல் இருந்தால் பசியில் செத்துப்போனோம்.

“இன்னாடி இது, கடிச்சே ஆவணுங்குது. கேட்டா குடுக்கறவன் ஒருத்தன்கூடவா இருக்க மாட்டான்?” என்றாள்.

அதனால் வகுப்பில் கற்ற பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை வைத்து நாங்களே ஒன்று எழுதினோம், தமிழை ஆங்கில எழுத்தில். காட்டேரி பூந்தமல்லியில் முதல் பஸ் பிடித்து ஆவடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும். அது திறப்பதற்குள் வெயில் வந்துவிடும், பட்டால் காட்டேரி எரிந்துபோகும். யாரைக் கடித்தாலும் பயணிகள் அடித்து இறக்கிவிடுவார்கள். தப்பிக்க ஒரே வழி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாவிடம் மரியாதையாகக் கேட்டு, காலிக் கூடையை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வது.

ஒரு நாள் வகுப்பெடுக்கும் சார் பார்த்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றோம். அவரோ உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார். கூடை கேட்கும் வழி திரையில் இருந்தும் அதைக் கண்டுகொள்ளவில்லை. திரும்பத் திரும்பக் கடித்தார், செத்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது.

“காட்டேரின்னா கடிக்கத்தானே வேணும்?” என்றார் எரிச்சலாக.

“அது பாட்டுக்கு ஊட்டுக்குப் போய்கினு கீது சார். நீங்கதான் கடிக்க உடுறீங்க” என்றாள் தோழி.

சார் சற்று யோசித்துவிட்டுக் கூடையைக் கேட்டார். கிடைத்தது. கேட் திறந்தது, ஆவடி வந்தது. பல் தெரியச் சிரித்தார். அதன் பிறகு, கீபோர்டைத் தொடவே கூசும் புதியவர்களை முதலில் எங்கள் பஸ்ஸில்தான் ஏற்றினார்.

பெருமை தாங்காமல் தோழி, மீன் விற்கும் தன் அத்தையைக் கூட்டி வந்தாள். மீன்காரம்மாவை அவரைப் பார்த்துதான் எழுதியிருந்தோம். திரையில் தன் முகம் இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு, “கூடைய திருப்பிக் குடுத்தானா இல்லியா?” என்றார்.

வெயிலில் அவன் எப்படித் திருப்பிக் கொடுப்பான் என்று சொல்லிப் பார்த்தோம். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் இருட்டியதும் காட்டேரி கூடையோடு பூந்தமல்லி பஸ் ஏறுவதாக இரண்டாம் பாகம் எழுத வேண்டியதாயிற்று.